வரவேற்பறைக் கணினிக்கு மட்டுமே தெரிந்த கடவுச்சொல்

போன பருவ விடுமுறைக்கு டுரியான் துங்காலில் இருந்து ஜாசினுக்கு வந்த இரண்டாவது நாள், தம்பி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தான்.

"அக்கா, இண்டர்வியூ லெட்டர் அனுப்பிட்டாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடணுமாம்!"

எஸ்.பி.எம். முடித்த கையோடு அவன் ஒரு கல்வி உதவி நிதிக்கு விண்ணப்பம் செய்திருந்தான். நேர்காணல் அழைப்பு மின்னஞ்சலில் அனுப்பப்பட்டுள்ளது, வெள்ளிக்கிழமைக்குள் வருகையை உறுதிப்படுத்த வேண்டும் என்று குறுஞ்செய்தி சொன்னது. அன்று புதன்கிழமை. அவன் தன் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தான். எதுவும் வரவில்லை. விண்ணப்பப் பாரத்தின் நகலை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தொடர்பு முகவரி என்ற இடத்தில் அவன் எழுதியிருந்தது அப்பாவின் மின்னஞ்சல்.

அந்த மின்னஞ்சலை மாமா 2012-இல் அப்பாவுக்குத் திறந்து கொடுத்தார். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். மின்னஞ்சலுக்கும் அவருக்கும் அவ்வளவாகத் தொடர்பில்லை. எப்போதாவது வீட்டுக் கணினியில் திறந்து பார்ப்பார். கைப்பேசியில் அதை வைத்துக்கொண்டதே கிடையாது.

"பாஸ்வேர்ட் என்னப்பா?"

"அது எனக்கெப்படிம்மா தெரியும்? கம்பியூட்டர்தான் ஞாபகம் வச்சிருக்கு. தொறந்தா அதுவே போட்டுக்கும்."

'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்ற இணைப்பை அழுத்திப் பார்த்தேன். அது ஒரு கைப்பேசி எண்ணுக்குக் குறியீடு அனுப்புவதாகச் சொன்னது. அந்த எண், அப்பா எப்போதோ கைவிட்ட ஒரு முன்கட்டண எண். ஆக, தம்பியின் நேர்காணலுக்குப் போகும் வழி எங்கள் வரவேற்பறை மூலையில், துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்த பழைய கணினிக்குள் மட்டுமே இருந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் கணினி தொடர்பான துறையில்தான் படிக்கிறேன். "அக்கா இருக்கா, பார்த்துக்குவா" என்று அம்மா தைரியமாகச் சொன்னார். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

முதல் பூட்டு

நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது வாங்கிய கணினி அது. விண்டோஸ் 7 இயங்குதளம். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, நானும் தம்பியும் முறை வைத்துக்கொண்டு அதில்தான் இல்லிருப்புக் கற்றலை நடத்தினோம். எனக்கு மடிக்கணினி கிடைத்த பிறகு அதை யாரும் தொடவில்லை. பொத்தானை அழுத்தியதும் காற்றாடி இரைந்தது. திரையில் வரிசையாகப் பயனர் கணக்குகள் தெரிந்தன. அப்பாவின் கணக்கைச் சொடுக்கினால் அதற்கும் ஒரு கடவுச்சொல் கேட்டது. அதுவும் அப்பாவுக்கு நினைவில்லை.

என் கணக்கு அதே கணினியில் நிர்வாகி உரிமையோடு இருந்தது. அதன் வழியாக உள்ளே போய், அப்பாவின் கணக்குக்குப் புதிய கடவுச்சொல் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு நிமிட வேலை. புதிய சொல்லைத் தட்டச்சு செய்து, சரி என்ற பொத்தானுக்குச் சுட்டியைக் கொண்டுபோன பிறகுதான் அதே சாளரத்தில் இருந்த சின்ன எழுத்து எச்சரிக்கையைப் படித்தேன். இப்படி மாற்றினால், அந்தப் பயனர் சேமித்து வைத்திருக்கும் அகப்பக்கக் கடவுச்சொற்களை இழந்துவிடுவார் என்று அதில் எழுதியிருந்தது.

கையை எடுத்துவிட்டேன். அழுத்தியிருந்தால் தம்பியின் நேர்காணல் அங்கேயே முடிந்திருக்கும். அதுவும் என் கையால்.

ஏன் அப்படி? உலாவி நம் கடவுச்சொற்களை வெறும் எழுத்தாக வைத்திருப்பதில்லை. குரோம் போன்ற உலாவிகள் விண்டோஸ் கணினியில் அவற்றை மறையாக்கம் செய்து ஒரு கோப்பில் வைக்கின்றன. அந்தப் பூட்டுக்குரிய சாவியை விண்டோஸ் காக்கிறது. அந்தச் சாவியோ, நாம் கணினிக்குள் நுழையும்போது தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 2000 காலத்தில் இருந்தே இந்த ஏற்பாடு உண்டு. நாமே உள்ளே நுழைந்து, பழைய சொல்லைக் கொடுத்துப் புதிய சொல்லுக்கு மாறினால் விண்டோஸ் சாவியையும் சேர்த்து மாற்றிக்கொள்ளும். வேறொருவர் வெளியில் இருந்து வலுக்கட்டாயமாக மாற்றினால், அவர் திருடனாகவும் இருக்கலாம் அல்லவா? அதனால் சாவி திறக்காது. உள்ளே இருப்பவை இருந்தும் பயனில்லை.

பென்டிரைவில் அந்தக் கோப்பை மட்டும் நகலெடுத்து என் மடிக்கணினியில் திறக்கலாமா என்றும் யோசித்தேன். அதே காரணத்தால் அதுவும் நடக்காது. மறையாக்கம் செய்த கோப்பு வரும், சாவி வராது. பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசியபோது, "கொண்டு வாங்க, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுத் தர்றோம்" என்றார்கள். கணினி புதிதாக ஓடும்தான். ஆனால் எங்களுக்குத் தேவையான ஒரே பொருள் அந்த அழிப்பில் போயிருக்கும்.

பாட்டியின் எண்

அன்று இரவு அப்பாவை விசைப்பலகை முன்னால் உட்கார வைத்தோம். எங்கள் பிறந்த நாள், லோரி எண், வீட்டு எண் என ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஒத்துவரவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமலே, "உங்கம்மா நம்பரப் போட்டுப் பாருங்க" என்றார்.

என் பாட்டி ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியற்காலைப் பெரட்டில் கிராணி கூப்பிடும் செக்ரோல் எண் அவருக்குப் பெயரைப்போல. தோட்டம் செம்பனைக்கு மாறி, குடும்பம் பெம்பான் பக்கம் குடிவந்து, வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்த எண்ணைச் சொல்லிச் சிரிப்பார். பாட்டி இப்போது இல்லை.

அப்பா மெதுவாக, ஒரு விரலால், தோட்டத்தின் பெயரையும் அந்த எண்ணையும் தட்டினார். திரை திறந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தேதி தவறினால் கதவு திறக்காது

உலாவியைத் திறந்தால் அடுத்த தடை. எந்த அகப்பக்கத்துக்குப் போனாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கைதான் வந்தது. "பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லுதா அக்கா?" என்று தம்பி கேட்டான். இல்லை. கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கே நாங்கள் இன்னும் போகவில்லை. திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். கணினியின் கணக்கில் அது 2010-ஆம் ஆண்டு.

கணினியின் தாய்ப்பலகையில், சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ மின்கலம் ஒன்று இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பல ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். அதன்பின் ஒவ்வொரு முறை மின்சாரத்தைத் துண்டிக்கும்போதும் கணினி பழைய தேதிக்குப் போய்விடும். பாதுகாப்பான அகப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு காலவரம்பும் உண்டு. 2010-இல் வாழும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் உலாவி கதவை மூடிவிடுகிறது.

தேதி, நேரம், ஆண்டு மூன்றையும் கையால் சரிசெய்தேன். பக்கங்கள் திறந்தன. மறுநாள் ஜாசின் பட்டணத்தில் சில வெள்ளிக்குப் புதிய மின்கலம் வாங்கி, மின்கம்பியைக் கழற்றிவிட்டு மாற்றினேன். 'பழைய கணினியில் எதுவுமே நுழைய மாட்டேங்குது' என்று நீங்கள் அலுத்துக்கொண்டால், கடவுச்சொல்லைச் சந்தேகிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

இரண்டு பதிவுகள்

மின்னஞ்சல் பக்கம் வந்தது. அப்பா சொன்னபடியே கணினி தானாகக் கடவுச்சொல்லை நிரப்பியது. நுழை என்று அழுத்தினோம். தவறான கடவுச்சொல்!

தம்பியின் முகம் வாடிவிட்டது. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. மீண்டும் மீண்டும் முயன்றால் கணக்கு தற்காலிகமாக முடக்கப்படலாம். அதனால் அழுத்துவதை நிறுத்திவிட்டு, உலாவியின் அமைப்புகளில் கடவுச்சொற்கள் என்ற பகுதியைத் திறந்தேன். சேமித்து வைத்த அனைத்தும் அங்கே பட்டியலாக இருக்கும். சொற்கள் புள்ளிகளாக மறைந்திருக்கும். பக்கத்தில் உள்ள கண் படத்தைச் சொடுக்கி, விண்டோஸ் கடவுச்சொல்லைக் கொடுத்தால் புள்ளிகள் எழுத்துகளாக மாறும்.

அந்த ஒரே மின்னஞ்சல் சேவைக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்றில் பயனர் பெயர் முழு முகவரியாக இருந்தது. இன்னொன்றில் முகவரியின் முன்பாதி மட்டும். அப்பா எப்போதோ கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார். அன்று பயனர் பெயரைச் சுருக்கமாகத் தட்டியதால், உலாவி அதை வேறொரு ஆள் என்று நினைத்துத் தனியாகச் சேமித்துவிட்டது. பழைய பதிவு அப்படியே தங்கி, ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டு வந்து நின்றது.

இரண்டாவது பதிவில் இருந்ததை எழுத்து எழுத்தாகத் தட்டினேன். ஆயிரக்கணக்கான படிக்காத கடிதங்களோடு அஞ்சல் பெட்டி திறந்தது. தம்பி என் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்து, "அதோ, அதோ!" என்று கத்தினான். வியாழன் விடியற்காலை ஒரு மணிக்கு அவன் வருகையை உறுதிப்படுத்தினான். நேர்காணலுக்கும் போய்வந்தான். முடிவு இன்னும் வரவில்லை. எதுவாக இருந்தாலும், கடிதத்தைப் படிக்காமல் வாய்ப்பை இழந்தான் என்ற நிலை இல்லை.

பழைய கணினி நல்ல பெட்டகம் அல்ல

அந்தக் கணினி எங்களைக் காப்பாற்றியது உண்மைதான். அதற்காக, எல்லாவற்றையும் அதிலேயே விட்டுவைக்கக் கூடாது.

விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதி நிறுத்தியது. அதில் ஓடும் கடைசிக் குரோம் பதிப்பு 2023 ஜனவரியில் வந்த 109. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் நுழைந்ததும் விண்டோஸ் அந்தச் சாவியை நமக்காகத் திறந்து தருகிறது. நம் பெயரில் ஓடும் தீய நிரலும் அதே சாவியைக் கேட்டு வாங்க முடியும். சேமித்த கடவுச்சொற்களைத் திருடுவதற்கென்றே எழுதப்பட்ட நிரல்கள் உண்டு. 'மறந்த கடவுச்சொல்லை மீட்டுத் தருகிறோம்' என்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களில் அவை ஒளிந்திருக்கலாம். அவசரத்தில் இருப்பவர்கள்தான் அவற்றைப் பதிவிறக்கம் செய்கிறார்கள். அந்தப் புதன்கிழமை இரவு நானும் ஒன்றைப் பதிவிறக்கம் செய்யும் நிலையில்தான் இருந்தேன்.

நாங்கள் செய்தவை, நீங்களும் செய்யலாம்

ஒன்று: எதையும் மாற்றும் முன் பாருங்கள். கடவுச்சொல் மீட்டமைப்பு, உலாவியை நீக்கி மறுபடி நிறுவுதல், கணினியை முழுதாக அழித்தல் ஆகிய மூன்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் தேதி. பிறகு கடவுச்சொல் பட்டியல். அதில் இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு: உலாவி ஒரு கணக்கோடு ஒத்திசைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால், அதே கணக்கில் வேறு கணினியில் நுழைந்தாலும் கடவுச்சொற்கள் கிடைக்கும். இல்லையென்றால் அவை அந்த ஒரு பெட்டியில் மட்டுமே இருக்கின்றன. வன்தட்டு பழுதானால் அவையும் போகும்.

மூன்று: ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்தினால் அதன் முறை வேறு. கடவுச்சொற்கள் ஒரு கோப்பிலும் சாவி இன்னொரு கோப்பிலும் இருக்கும். நகலெடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் பயனில்லை. அந்தக் கோப்புகள் விண்டோஸ் கடவுச்சொல்லோடு பிணைக்கப்படாததால், ஃபயர்ஃபாக்ஸுக்கென்று ஒரு முதன்மைக் கடவுச்சொல் வைப்பது நல்லது.

நான்கு: எல்லாவற்றையும் மொத்தமாக வெளியே எடுக்கும் வசதி உலாவியிலேயே உண்டு. ஆனால் அப்படி வரும் கோப்பில் எந்தப் பூட்டும் கிடையாது. திறந்த புத்தகம் போல யாரும் படிக்கலாம். புதிய இடத்தில் சேர்த்தவுடன் அதை அழித்துவிடுங்கள், குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். புலனத்தில் அனுப்பாதீர்கள்.

ஐந்து: மீட்பு எண்ணைச் சரிபாருங்கள். கைவிட்ட முன்கட்டண எண் பிற்பாடு வேறொருவருக்கு வழங்கப்படலாம். உங்கள் குறியீடு அவர் கைப்பேசிக்குப் போகும். அப்பாவின் மின்னஞ்சலில் நாங்கள் முதலில் மாற்றியது இதைத்தான். கடவுச்சொல்லை அதற்குப் பிறகுதான் மாற்றினோம், அதையும் என் மடிக்கணினியில் இருந்து.

ஆறு: ஒரே சொல்லை எல்லா இடத்திலும் வைத்திருந்தால், முக்கியமானவற்றை உடனே பிரியுங்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போண்ட்' அகப்பக்கத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், அது தெரிந்த தகவல் கசிவுகளில் சிக்கியிருக்கிறதா என்று சொல்லும். வங்கிக் கணக்கில் இருந்து பணம் போய்விட்டது என்று தெரிந்தால் யோசித்துக்கொண்டிருக்காமல், வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணையோ அழையுங்கள்.

நோட்டுப் புத்தகம் அவமானமல்ல

கடைசியாக, அப்பாவுக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். "கம்பியூட்டர் படிக்கிற புள்ள, நோட்டுல எழுதச் சொல்றியா?" என்று கேலி செய்தார்.

கணினியில் கடவுச்சொல் முறையைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் ஃபெர்னான்டோ கொர்பாட்டோ. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960-களின் தொடக்கத்தில், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் முறையை உருவாக்கியபோது, ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்காமல் இருக்க அவர் குழு அதைப் பயன்படுத்தியது. 1966-இல் ஒரு தவறால் எல்லாருடைய கடவுச்சொற்களும், நுழைந்த ஒவ்வொருவர் முன்னாலும் வரிசையாக வந்து விழுந்தன. அதே கொர்பாட்டோ, தம் கடவுச்சொற்களைத் தாள்களில் தட்டச்சு செய்து வைத்திருப்பதாக 2014-இல் ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார். அவருக்கே அந்த நிலை என்றால் லோரி ஓட்டும் அப்பா நோட்டில் எழுதுவதில் என்ன குறை?

நம் கணக்கைத் திருட நினைப்பவர்களில் பெரும்பாலோர் எங்கோ தொலைவில் இணையத்தில் இருக்கிறார்கள். அவர்களால் அலமாரியைத் திறக்க முடியாது. வீட்டிலேயே இருக்கும் நோட்டு, மற்ற எல்லாரையும்விட நம் பெற்றோருக்கு ஏற்ற பெட்டகம். கைப்பையில் கொண்டுபோகக் கூடாது, படம் பிடித்து அனுப்பக் கூடாது. அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரியும். அதுவும் முக்கியம். ஒருவர் மட்டும் அறிந்த கடவுச்சொல், அவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால் குடும்பத்தையே வெளியில் நிறுத்திவிடும்.

மாணவ நண்பர்களே, வீட்டில் கணினி தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர்கள் நாம்தான். விடுமுறைக்குப் போகும்போது, கணினியில் எதையும் 'சரிசெய்யும்' முன் அப்பா, அம்மா பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். எந்த மின்னஞ்சல், எந்த எண், எது எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பழைய பெட்டி ஒருநாள் எழுந்திருக்காது. அதற்கு மட்டும் தெரிந்ததை அதற்கு முன்பே நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகு அப்பா கேட்டார், "அந்த கம்பியூட்டர் நம்பரையும் மாத்திட்டியாம்மா?"

இல்லை. அதில் இப்போது காக்க வேண்டியது எதுவும் இல்லை. இணையத் தொடர்பையும் துண்டித்துவிட்டோம். பாட்டியின் எண்ணை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.